மடுல்சீமையின் இலையும் கஃபீன் இல்லாத கோப்பியும்

கஃபீன் நீக்கிய கோப்பியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். லுட்விக் ரோசெலியஸ் என்ற கோப்பி வணிகர் 1906இல் அங்கே காஃபே ஹாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கஃபீன் நீக்கிய கோப்பியை முதன்முதலாகத் தொழில் அளவில் விற்றார். ஆனால் உலகம் குடிக்கும் கோப்பியில் எவ்வளவு கஃபீன் இருக்கிறது, அதில் எவ்வளவை எடுக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கு அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது. அது மாறத் தொடங்கிய இடம் எங்கள் ஊவா மாகாணத்தின் மடுல்சீமை. இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கஃபீன் நீக்கிய கோப்பி முழுதாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் இன்று கண்ணுக்கு எட்டும்வரை தேயிலைதான். 1869இல் அங்கே நின்றது கோப்பி. அந்த ஆண்டு மே மாதத்தில், மடுல்சீமையின் கல்லூலா தோட்டத்தில் சில கோப்பிச் செடிகளின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தூள். அப்படித் தூள் படிந்த இலைகள் காலம் வரும் முன்பே உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண ஆய்வில் பெயர்பெற்றிருந்த பாதிரியார் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி அதே ஆண்டு நவம்பரில் 'கார்டனர்ஸ் குரோனிக்கிள்' இதழில் இதைப் புதிய பூஞ்சணம் என்று விவரித்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். கோப்பி இலைத் துரு நோய் அறிவியலின் பதிவுக்குள் வந்தது இப்படித்தான்.

தோட்டக்காரர்கள் முதலில் பெரிதாக அஞ்சவில்லை. கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்ததால் நோயின் இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. புதுக் காடுகளை வெட்டி மேலும் மேலும் கோப்பி நட்டார்கள். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி இறாத்தல் கோப்பியை ஏற்றுமதி செய்தது. ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880இல் இங்கே வந்து ஈராண்டு ஆராய்ந்தார். நோயின் வித்துகள் காற்றில் பறந்து, இலையில் நிற்கும் நீர்த்துளியில் முளைத்து, இலைத்துளைகள் வழியே உள்ளே புகுகின்றன என்று காட்டினார். மலைக்கு மலை ஒரே செடியை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வழியைத் திறந்துவிட்டது என்பதும் அவர் கண்டதில் ஒன்று. அதற்குள் காலம் கடந்திருந்தது. பெருந்தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. 1880களின் முடிவில் கோப்பி உற்பத்தி 50 லட்சம் இறாத்தலாகச் சுருங்கியிருந்தது.

தேயிலை வந்தது. அதோடு எங்கள் வாழ்வும் மாறியது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் மாதங்களில்தான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கமிருந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் மன்னார் வழியாகத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. வந்தவர்கள் லயங்களில் குடும்பமாகத் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்று இன்று நாம் சொல்லும் சமூகம் இந்த மண்ணில் வேர்விட்டதற்குப் பின்னால் அந்தச் செம்மஞ்சள் தூளுக்கும் பங்கு உண்டு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இருந்தாலும் இந்தக் கட்டுரையின் பொருள் கஃபீன். நோயைத் தொடர்ந்து இலங்கையைத் தாண்டிப் போக வேண்டும்.

நோய் 1876இல் சுமாத்திராவையும் ஜாவாவையும் எட்டியது. அங்கே டச்சுக்காரர்கள் அரபிக்காவைக் கைவிட்டு முதலில் லைபீரியக் கோப்பியை நட்டுப் பார்த்தார்கள். அதையும் துரு பிடித்தது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொங்கோவிலிருந்து கிடைத்த வேறோர் இனம் ஜாவாவுக்கு வந்தது. அது துருவைத் தாங்கி நின்றது. அதுதான் ரொபஸ்டா. ஜாவாவிலிருந்து அது ஆசியாவெங்கும் பரவியது. இன்று உலகக் கோப்பியில் ஐந்தில் இரண்டு பங்கு ரொபஸ்டா. இந்தியாவில் விளைவதில் பத்தில் ஏழு பங்கு. உலகின் இரண்டாவது பெரிய கோப்பி நாடான வியட்நாமில் ஏறக்குறைய எல்லாமே அதுதான்.

அரபிக்காவின் உலர்ந்த கொட்டையில் கஃபீன் ஏறத்தாழ 1.2 சதவீதம். ரொபஸ்டாவில் சராசரியாக 2.2 சதவீதம், சில செடிகளில் அதற்கும் மேல். துருவுக்குப் பயந்து ரொபஸ்டாவுக்கு மாறிய இடங்களில் கோப்பையில் கஃபீன் ஏறக்குறைய இரட்டித்தது. எவரும் அதிக கஃபீன் வேண்டுமென்று கேட்டு அது நடக்கவில்லை. கோப்பியைக் காப்பாற்றத் தேடிய செடியோடு அதுவும் கூடவே வந்தது.

ரொபஸ்டாவில் கஃபீன் மிகுதி என்பதால்தான் அது துருவை வென்றது என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சரியல்ல. ரொபஸ்டாவின் எதிர்ப்பு தனிப்பட்ட சில மரபணுக்களிலிருந்து வருகிறது. 1927இல் திமோர் தீவில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்த ஒரு செடி கிடைத்தது. அதன் வழிவந்த இரகங்கள் ரொபஸ்டாவின் எதிர்ப்பைப் பெற்றிருந்தும் கஃபீனில் அரபிக்காவை ஒட்டியே நிற்கின்றன. எதிர்ப்பு ஒரு வழியிலும் கஃபீன் வேறொரு வழியிலும் பிள்ளைச்செடிக்குப் போகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கட்டுரையின் கடைசியில் இது நமக்குத் தேவைப்படும்.

கஃபீனைக் கோப்பிக் கொட்டையிலிருந்து முதலில் பிரித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே. ஆண்டு 1819. அவருக்கு ஆராயச்சொல்லிக் கொட்டைகளைக் கொடுத்தவர் கவிஞர் கேதே. தூய கஃபீன் வெண்ணிறப் பொடி, மணமில்லாதது, கசப்பானது. செடிக்கு இது ஆயுதம். இளம் இலையிலும் விதையிலும் சேர்த்து வைத்துப் பூச்சிகளைத் தடுக்கிறது. விழுந்த விதையிலிருந்து மண்ணில் கசிந்து அண்டையில் வேறு விதை முளைப்பதைத் தடுக்கிறது. 2014இல் ரொபஸ்டாவின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். கோப்பியும் தேயிலையும் கஃபீனைத் தயாரிக்கும் திறனை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், தனித்தனியே பெற்றுக்கொண்டிருக்கின்றன. மடுல்சீமை மலையில் ஒன்று போய் மற்றொன்று வந்தபோது, வெவ்வேறு வழியில் அதே பொருளை எட்டிய இரண்டு செடிகள் இடம் மாறிக்கொண்டன. உலர்ந்த தேயிலையில் கஃபீன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், அரபிக்காக் கொட்டையைவிட அதிகம். ஒரு கோப்பைக்குத் தூள் குறைவாகப் போடுவதால்தான் தேத்தண்ணியில் அது குறைந்து தெரிகிறது.

நம் உடலில் கஃபீன் செய்வது ஒரு மறைப்பு வேலை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, களைப்பை உணர்த்துகிறது. கஃபீன் அது அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் நெடுநேரம். அதனால்தான் கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது.

இனி அதை எடுக்கும் வேலை. எந்த முறையானாலும் கஃபீனை வறுப்பதற்கு முன்பே, பச்சைக் கொட்டையிலிருந்துதான் எடுக்கிறார்கள். வறுத்தபின் எடுத்தால் மணமெல்லாம் அதோடு போய்விடும். எந்த முறையிலும் முதல் வேலை கொட்டையை ஆவியிலோ வெந்நீரிலோ ஊறவைத்து உப்பவைப்பது. உலர்ந்த கொட்டைக்குள் கஃபீன் குளோரோஜெனிக் அமிலத்தோடு பிணைந்து கிடக்கிறது. நீர் புகுந்தால்தான் அது நகரும். கஃபீன் குளிர்ந்த நீரில் கொஞ்சமாகவும் கொதிநீரில் ஏராளமாகவும் கரையும். ஆனால் சர்க்கரைகளும் அமிலங்களும் பின்னால் மணமாக மாறவேண்டிய நூற்றுக்கணக்கான பொருட்களும் அதே நீரில் கரைகின்றன. கஃபீனை வெளியே எடுப்பது எளிது. கஃபீனை மட்டும் எடுப்பதுதான் கடினம். நூறு ஆண்டுகளாக நடந்த முயற்சிகள் எல்லாம் இந்த 'மட்டும்' என்ற சொல்லைச் சுற்றியவைதான்.

ரோசெலியஸ் எடுத்துக்கொண்ட வழி பென்சீன். கப்பலில் கடல்நீர் புகுந்து நனைந்த கோப்பி மூட்டையிலிருந்து அவருக்கு இந்த எண்ணம் வந்ததாகச் சொல்லிவந்தார்கள். ஊறிய கொட்டையைப் பென்சீனால் திரும்பத் திரும்பக் கழுவினார். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பிறகு தெரிந்து அது கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது மெத்திலீன் குளோரைடு. இது கஃபீனை நன்றாகப் பற்றும், சுவைப்பொருட்களை அதிகம் தொடாது, 40 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கழுவியபின் கொட்டைக்கு மீண்டும் ஆவியேற்றி எஞ்சியதை விரட்டுவார்கள். பிறகு வறுக்கும் சூட்டில் மிச்சமும் போய்விடும். ஐரோப்பியச் சட்டப்படி வறுத்த கோப்பியில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2024இல் இந்தக் கரைப்பானின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. அந்தத் தடை உணவைத் தொடவில்லை. அது வேறொரு முகமையின் பொறுப்பு. என் கருத்தில், குடிப்பவரைவிட ஆலையில் அந்த ஆவியைச் சுவாசிப்பவருக்குத்தான் இந்தக் கரைப்பானால் ஆபத்து கூடுதல். இதைப் பற்றிப் பேசும்போது தொழிலாளியை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது என் வருத்தம்.

எத்தில் அசிட்டேட் இன்னொரு கரைப்பான். பழங்களில் இயற்கையாகவே இருப்பது. கொலம்பியாவில் கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து அதைத் தயாரிக்கிறார்கள். அதனால் அந்தக் கோப்பி கரும்பின் பெயரைச் சொல்லி விற்கப்படுகிறது. வேலை நடக்கும் விதம் முந்தைய முறையேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் முறை. 1930களில் சுவிட்சர்லாந்தில் பிறந்து, 1980களில் கனடாவின் வான்கூவர் அருகே பெரிய ஆலையாக வளர்ந்தது. முதலில் ஒரு தொகுதிக் கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, கரைவதையெல்லாம் கரையவிடுகிறார்கள். அந்தக் கொட்டை தன் சுவையையெல்லாம் இழந்துவிடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் கரி வடிகட்டியில் செலுத்துகிறார்கள். கரி கஃபீனைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது கையில் இருப்பது கஃபீன் தவிர மற்ற எல்லாம் நிறைந்த சாறு. சீனி கரைந்து நிறைந்துவிட்ட தேத்தண்ணியில் மேலும் போட்ட சீனி அடியில் தங்கிவிடுவதுபோல, அடுத்த தொகுதிக் கொட்டையை அந்தச் சாற்றில் ஊறவைத்தால் அதன் சர்க்கரைக்கும் அமிலத்துக்கும் வெளியே வர இடமில்லை. கஃபீனுக்கு மட்டும் இடம் இருக்கிறது. அது வெளியே வருகிறது. கரி, நீர், நேரம் இவை மூன்றையே கொண்டு கஃபீனில் 99.9 சதவீதத்தை எடுத்துவிட முடிகிறது.

கரியமில வாயு முறை மேற்கு ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில், நிலக்கரி ஆராய்ச்சிக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், குர்ட் சோசெல் 1960களில் கண்டது. 31 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், காற்றழுத்தத்தைப்போல 73 மடங்குக்கு மேல் அமுக்கினால் கரியமில வாயு திரவமும் அல்லாத வாயுவும் அல்லாத நிலையை அடைகிறது. வாயுவைப்போல கொட்டைக்குள் ஊடுருவும். திரவத்தைப்போல கஃபீனைக் கரைத்துவரும். சர்க்கரையையும் புரதத்தையும் அநேகமாகத் தொடாது. இந்த வேலைக்கு 250 மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும். அதைத் தாங்கும் கலன்களின் விலை மிகப்பெரிது. எனவே பெரிய நிறுவனங்களின் பெரிய ஆலைகளில்தான் இது நடக்கிறது. தேயிலையின் கஃபீனை எடுக்கவும் இதே வழிகள்தான். எத்தில் அசிட்டேட்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு தேயிலையின் துவர்ப்புப் பொருட்களைக் கூடுதலாகக் காக்கிறது.

எடுத்த கஃபீன் வீணாவதில்லை. குளிர்பானத்துக்கும் மருந்துக்கும் போகிறது. ஒரு தொன் அரபிக்காவில் ஏறத்தாழ 12 கிலோ கிடைக்கும் என்றால் ரொபஸ்டாவில் 22 கிலோ கிடைக்கும். இந்தியாவில் தேயிலை ஆலைகளின் கழிவுத் தூளிலிருந்தும் கஃபீன் எடுக்கப்படுகிறது; அந்தக் கழிவு நல்ல தூளோடு கலந்துவிடாமலிருக்க 1959லேயே ஓர் ஆணை பிறந்தது.

சாதாரணக் கோப்பிக்கும் கஃபீன் நீக்கிய கோப்பிக்கும் உள்ள வேறுபாடு பலர் எண்ணுவதைவிடச் சிறியது. சிலர் எண்ணாத இடத்தில் இருப்பது. கஃபீன் கசப்பானதுதான், ஆனால் கோப்பியின் கசப்பில் அதன் பங்கு பத்தில் ஒன்று அளவே. மீதிக் கசப்பு வறுக்கும்போது குளோரோஜெனிக் அமிலத்திலிருந்து பிறக்கிறது. கஃபீன் போனதால் சுவை குன்றுவதில்லை. ஊறவைப்பதிலும் கழுவுவதிலும் உலர்த்துவதிலும் கூடவே போன பொருட்களால்தான் குன்றுகிறது. ஒருமுறை உப்பிச் சுருங்கிய கொட்டை பழைய பச்சை நிறத்தை இழந்து பழுப்பாகியிருக்கும். வறுக்கும்போது சீக்கிரம் கருகும். எண்ணெய் விரைவில் மேலே வந்து, தூள் சீக்கிரம் பழசாகும். வறுப்பவர் நிறத்தைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவார். மணத்தையும் வெடிக்கும் ஓசையையும் நம்பவேண்டும்.

முற்றிலும் கஃபீன் இல்லாத கோப்பி ஆலையிலிருந்து வருவதில்லை. அமெரிக்க அளவுகோல் 97 சதவீதம் நீக்குவது. ஐரோப்பாவில் வறுத்த கோப்பியில் 0.1 சதவீதத்துக்கும் உடனடிக் கோப்பித் தூளில் 0.3 சதவீதத்துக்கும் மேல் இருக்கக்கூடாது. இரண்டும் வேறுவேறு கணக்கு. 97 சதவீதம் எடுத்தபின் அரபிக்காவில் எஞ்சுவது 0.036 சதவீதம்; 2.2 சதவீத ரொபஸ்டாவில் 0.066. பத்துக் கிராம் தூளில் முன்னது 3.6 மில்லிகிராம், பின்னது 6.6. சாதாரணக் கோப்பியின் ஒரு கோப்பையில் 100 மில்லிகிராம் அளவுக்கு இருப்பதைப் பார்க்கும்போது இரண்டும் அற்பம்தான். ஆனாலும் அந்த எச்சத்தின் அளவில்கூட, எந்தச் செடி என்ற பழைய கேள்வி தன் அடையாளத்தை விட்டுச்செல்கிறது.

தமிழ்நாட்டில் சிக்கரி கலப்பதும் கஃபீனைக் குறைக்கும் வழியே. சிக்கரி வேரில் கஃபீன் கிடையாது. இந்தியச் சட்டம் அதை 49 சதவீதம்வரை கலக்க இடந்தருகிறது. ஆனால் மீதிப் பாதி ரொபஸ்டாவாக இருந்தால், அந்தக் கலவையும் கலப்பில்லாத அரபிக்காவும் கஃபீனில் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்.

உடலுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு வருகிறேன். கஃபீன் நீக்கிய கோப்பியும் வயிற்றில் அமிலத்தைச் சுரக்கவைக்கும். நெஞ்செரிச்சலுக்காக மாறியவர்கள் பலருக்கு அதனால் ஏமாற்றம். மறுபுறம், நாளும் கோப்பி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகக் காணப்படுவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. கஃபீன் நீக்கிய கோப்பி குடிப்பவர்களிடமும் அதே போக்கு தெரிகிறது. அந்த நன்மை இருக்குமானால் அது கஃபீனுடையதல்ல.

தோட்டத்துப் பெண்களுக்கு இதில் முக்கியமான ஒரு செய்தி உண்டு. மலையகத்தில் இரத்தச் சோகை எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தோட்ட மருத்துவிச்சிகளுக்கு நன்றாகத் தெரியும். 1983இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உணவோடு ஒரு கோப்பை கோப்பி குடித்தால் இரும்புச்சத்தை உடல் ஏற்பது 39 சதவீதமும் தேநீர் குடித்தால் 64 சதவீதமும் குறைவதாக அளந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு கோப்பி குடித்தால் குறையவில்லை. ஒரு மணி நேரம் பின்பு குடித்தால் உணவோடு குடித்த அளவுக்கே குறைந்தது. இதைச் செய்வது கஃபீன் அல்ல, துவர்ப்புப் பொருட்கள். கஃபீனை நீக்கினாலும் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரும்பு மாத்திரை எடுக்கும் கர்ப்பிணி கஃபீன் நீக்கிய கோப்பிக்கு மாறினால் தூக்கம் திரும்பலாம். மாத்திரையோடு அதைக் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ரொட்டியும் தேத்தண்ணியும் ஒன்றாகவே காலைச் சாப்பாடாகும் லயங்களில், நேரத்தை மாற்றிக் குடிக்கச் சொல்வது எந்தப் புதுக் கோப்பியையும்விட உதவும்.

ஆலையே வேண்டாத வழியும் தேடப்படுகிறது. மடகாஸ்கரின் காட்டுக் கோப்பி இனங்கள் பலவற்றில் கஃபீன் இல்லை. ஆனால் வேறொரு கசப்புப் பொருள் இருப்பதால் குடிக்க முடியாது, அரபிக்காவோடு கலப்பதும் கடினம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளரும் கொஃபியா வைட்டியானா என்ற காட்டுக் கோப்பியின் உறவான வங்கக் கோப்பியிலும் கஃபீன் கிடையாது. 2004இல் பிரேசிலின் கம்பினாஸ் ஆய்வாளர்கள், 1960களில் எத்தியோப்பியாவில் திரட்டிய விதைகளிலிருந்து வளர்ந்த அரபிக்காச் செடிகளில் மூன்றில் கஃபீன் 0.076 சதவீதமே இருப்பதை 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அரபிக்காவுக்குள்ளேயே கிடைத்ததால் கலப்பது எளிது. ஆனால் விளைச்சல் குறைவு.

கஃபீனை இழந்த செடி வயலில் பிழைக்குமா என்று கேட்பது நியாயம். துரு நோய் 1970இல் பிரேசிலையே எட்டிவிட்டது. கஃபீன் அதை எங்கும் நிறுத்தவில்லை, மடுல்சீமையிலும் நிறுத்தவில்லை. கோப்பிக் கொட்டையைத் துளைத்து முட்டையிடும் சிறு வண்டையும் கஃபீன் தடுப்பதில்லை. அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் கஃபீனைச் சிதைத்துவிடுகின்றன என்று 2015இல் காட்டப்பட்டது. கோப்பியின் இரண்டு பெரிய எதிரிகளுக்கும் எதிரே அந்த ஆயுதம் பயனற்றது. ஆகவே திமோர் செடியிலிருந்து வந்த துரு எதிர்ப்பையும் எத்தியோப்பியச் செடியின் கஃபீன் இன்மையையும் ஒரே செடியில் சேர்ப்பதற்கு மரபியல் ரீதியாகத் தடை எதுவும் தெரியவில்லை. சிறு பூச்சிகளிடம் அந்தச் செடி எவ்வளவு தாங்கும் என்பதை வயலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.